சகலை தொட்டியில் இல்லாத நிறம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பஸ்ஸில், மடியில் ஒயர் கூடையை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் டிரைவரை முறைப்பவர் அநேகமாக நம் தொட்டிமீன் பித்தர்தான். கூடைக்குள் ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்டு போட்ட கவர். அதற்குள் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறக் குஞ்சு. பக்கத்து சீட்டுக்காரர் தெரியாத்தனமாக, "இன்னா சார், வெரால் குஞ்சா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் மலாவி ஏரி வந்துவிடும்.

ஆப்பிரிக்காவிலேயே மூன்றாவது பெரிய ஏரி. லிவிங்ஸ்டன் துரை 1859-ல் போய்ப் பார்த்தது. அதில் மட்டும் சிக்லிட் மீன்கள் 800 வகைக்கு மேல். "அத்தனையிலும் நீலம் இருக்கு சார், மஞ்சள் இருக்கு, ஆரஞ்சு இருக்கு. சுத்தமான பச்சைதான் கெடைக்கல. இது பெரிசானா பச்சையாகும்னு சொல்லியிருக்காங்க." பக்கத்து சீட்டுக்காரர் அதற்குள் தூங்குவதுபோல் நடிக்கத் தொடங்கியிருப்பார்.

இவர் பெரிய பணக்காரர் இல்லை. அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ மேசைக்குப் பின்னால் உட்காருகிறவர். ஹாலில் டி.வி. இருந்த இடத்தில் நாலடித் தொட்டி வைத்து, டி.வி.யைப் படுக்கையறைக்கு நாடு கடத்தியவர். பச்சை ஏன் வேண்டும் என்று கேட்டால் கலைநயம் பற்றிப் பேசுவார். திண்டிவனத்திலுள்ள சகலை வீட்டுத் தொட்டியில் அந்த ஒரு நிறம் மட்டும் இல்லை என்பதுதான் உண்மைக் காரணம்.

கடைக்காரர்களுக்கு இவரைத் தூரத்திலேயே அடையாளம் தெரியும். "வாங்கண்ணே, பச்சை வந்திருக்கு" என்று 'கிரீன் டெரர்' தொட்டியைக் காட்டுவார்கள். நம்மவர் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது ஈக்வடார், பெரு பக்கம்ப்பா. தென்னமெரிக்கா" என்று உதட்டைப் பிதுக்குவார். "ஆப்பிரிக்காவுக்கு அமெரிக்கா எவ்வளவோ மேல்ண்ணே" என்பார் கடைக்காரர். கொளத்தூர் வரை போய் வாங்கி வந்த பச்சையும் உண்டு. கடை விளக்கில் கிளிப்பச்சை, வீட்டு டியூப்லைட்டில் சிமெண்டு.

பாவம், மீனைக் குறை சொல்லியும் பயனில்லை. மீன் தோலில் பச்சைக்கென்று தனிச் சாயம் பொதுவாகக் கிடையாது. நீல ஒளியைத் திருப்பும் செல்களுக்கு மேலே மஞ்சள் நிறமி சரியான அளவில் அமைந்தால்தான் நம் கண்ணுக்குப் பச்சை. அதிலும் மலாவி ஏரியில் பல வகைகளில் நிறமெல்லாம் ஆண் மீனுக்குத்தான். அந்த ஆணும் தொட்டியில் தாதாவாக இருக்க வேண்டும். அதட்ட வேறொருவர் இருந்தால் நிறம் மங்கி, பெண் மீனைப் போல மூலையில் ஒதுங்கிவிடும். இந்த இடத்தை விளக்கும்போது மட்டும் நம்மவர் குரலைத் தாழ்த்தி, சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

ஊரே போர் தண்ணீரைத் திட்டும்போது மெச்சிக்கொள்ளும் ஒரே ஆளும் இவர்தான். பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? பேஷ். மலாவி மீனுக்குக் கடினத்தன்மையும் காரமும் உள்ள தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். பிஎச் எட்டை ஒட்டி இருந்தால் உத்தமம். சம்சாரத்துக்குத் தலைமுடி கொட்டுகிற அதே தண்ணீரில் மீன் பளபளக்கிறது என்பது அந்த வீட்டில் தீராத வழக்கு.

வழக்குகள் இன்னும் உண்டு. லிவிங்ஸ்டன் பெயரையே வைத்த ஒரு சிக்லிட் இருக்கிறது. செத்ததுபோல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, கொத்த வரும் சின்ன மீனை லபக்கென்று பிடிக்கும். அதை வாங்கி வந்த வாரமே மாமியார், "ஐயோ, தம்பி பார்த்தா மனசு ஒடஞ்சுபோவும்" என்று, அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் வலையில் அள்ளிவிட்டார். தென்னை மரத்தடிக்குப் போகிற வழியில் மீன் துள்ளியதும் வலையைப் போட்டுவிட்டுப் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

அப்புறம் பச்சை நிஜமாகவே வந்தது. எந்நேரமும் விளக்கை எரியவிட்டதில் கண்ணாடி, பாறை, பில்டர் குழாய் எல்லாவற்றிலும் பாசி. மஞ்சள் மீனெல்லாம் அதைச் சுரண்டித் தின்று கொழுத்தன. சம்சாரம் விரலால் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, உள்ளே ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாசி உள்பக்கம் இருக்குதுங்க. பச்சைதானே கேட்டீங்க?"

சகலைதான் ஒரு நாள் வழி சொன்னார். "அண்ணே, நம்ம நாட்டு சிக்லிட்டே பச்சை இருக்கே!" கேரளத்தில் கரிமீன் என்று வாழையிலையில் பொரித்து வைப்பார்களே, 2010-ல் அந்த மாநில மீனாகவே அறிவித்தார்களே, அதற்கு மீன்கடையில் 'கிரீன் குரோமைட்' என்று பெயர். பச்சை கலந்த உடம்பில் முத்துமுத்தாகப் புள்ளி. உவர்நீர் மீன், மரக்காணம் பக்கத்துக் கழுவேலி மாதிரி இடமெல்லாம் அதற்குத் தோது. நம்மவர் முகம் சுருங்கிவிட்டது. "மரக்காணத்து மீனை ஹால்ல வெச்சா, வர்றவன் வெல கேப்பானா, கொழம்பு வெப்பியான்னு கேப்பானா?"

என் கணிப்பில் இவர் தேடுவது நிறத்தை அல்ல, விசாவை. அதுவும் ஏற்கெனவே குத்தப்பட்டுக் கிடக்கிறது. 1952-ல் இந்தியாவுக்கு வந்து, ஏரி, குளம், கழிவுநீர்க் கால்வாய் என்று பாக்கியில்லாமல் குடியேறிய ஜிலேபி கெண்டை அசல் ஆப்பிரிக்க சிக்லிட். மொசாம்பிக் திலாப்பியா என்பது பாஸ்போர்ட் பெயர். மலாவிச் சொந்தங்களைப் போலவே தாய்மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும். உடம்பில் ஒரு பாசிப்பச்சைச் சாயல்கூட உண்டு.

இத்தனை வருடம் அவர் சொற்பொழிவை ஓசியில் கேட்ட சம்சாரத்துக்கு இது தெரியாமலா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் போடும்போது கேட்டார்: "ஏங்க, ஜிலேபியும் ஆப்பிரிக்காதானே?"

"அது வேற ஜீனஸ்" என்றார் நம்மவர் கறாராக. "அந்தத் தலையை இங்க போடு."