ஒரே மேட்ச், இரண்டு சட்டம்

கே: எந்த ஓடிடிக்குச் சந்தா கட்டலாம்?

ப: இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

கே: டிவிக்கு ஒரு சட்டம், ஓடிடிக்கு ஒரு சட்டமா? கேபிள் நிறுவனங்கள் வழக்குப் போட்டது நியாயம்தானே?

ப: கோபம் நியாயம், கேட்ட பரிகாரம்தான் தப்பு. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட்டை ஹாட்ஸ்டார் செல்போனில் இலவசமாகக் காட்டியது. அதே மேட்சை டிவியில் பார்க்க ஸ்டார் ஸ்போர்ட்ஸுக்குச் சந்தா. மாதக் காசு வாங்க வாசலில் நிற்கும் கேபிள்காரரிடம், "போன்லதான் சும்மா வருதே!" என்று வீட்டுக்காரர் சொன்னால் அவர் என்ன பதில் சொல்வார்? அவருக்கு 1995-ஆம் ஆண்டுக் கேபிள் டிவி சட்டம் உண்டு, பதிவு உண்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண விதிகள் உண்டு. 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்கக்கூட முடியாது. ஹாட்ஸ்டாரும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று அகில இந்திய டிஜிட்டல் கேபிள் கூட்டமைப்பு, தொலைத்தொடர்பு வழக்குகளை விசாரிக்கும் டிடிசாட் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஓடிடி என்பது டிவி சேனல் அல்ல, டிராய் வரம்புக்குள் வராது என்று 2023 அக்டோபரில் இடைக்கால உத்தரவு வந்தது. அது சரியென்றே நினைக்கிறேன். கேபிளுக்குக் கடிவாளம் தேவைப்பட்டதற்குக் காரணம், தெருவுக்குள் ஒயர் இழுத்தவர் பெரும்பாலும் ஒருவர்தான், அவர் சொன்னதே விலை. ஓடிடி பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே ஆளை மாற்றலாம், முதல் பதிலில் சொன்னதும் அதுதான். தவிர, லைசென்ஸும் கட்டணமும் வந்தால் பெரிய நிறுவனம் வக்கீல் வைத்துச் சமாளித்துவிடும். மூடிவிட்டுப் போவது சின்ன ஆப்தான்.

கே: அப்போ பழைய ஆட்கள் மட்டும் சுமக்க வேண்டுமா?

ப: கூடவே கூடாது. டிடிஎச் நிறுவனங்களின் வருவாயில் 8 சதவீதம் லைசென்ஸ் கட்டணமாகப் போகிறது. அதை 3 ஆகக் குறைத்து, 2026-27 முடிவில் அடியோடு எடுத்துவிடலாம் என்று டிராயே 2023 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. பாரத்தை இவர்கள் தலையிலிருந்து இறக்கினாலே இவர்களும் ஓடிடிக்காரர்களும் சமமாகிவிடுவார்கள். ஓடிடிக்குக் கட்டுப்பாடே இல்லை என்பதும் சரியல்ல. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி வயது வகைப்பாடும் குறைதீர் ஏற்பாடும் கட்டாயம். ஆனால், கேபிள் தரப்பின் ஒரு வாதத்தைத் தள்ள முடியாது. அன்று சேனலும் ஆப்பும் ஒரே முதலாளி கையில் இருந்தன. ஒரு கையால் கேபிள்காரரிடம் சேனலை விற்றுவிட்டு, மறு கையால் அதே மேட்சை அவருடைய வாடிக்கையாளருக்கே இலவசமாகக் கொடுப்பது அவர் பிழைப்பில் அடிப்பதுதான். இதை விசாரிக்க இந்தியப் போட்டி ஆணையம் இருக்கிறது. அந்தப் புகாருக்கும், எல்லா ஓடிடிக்கும் லைசென்ஸ் கேட்பதற்கும் சம்பந்தமில்லை.