பச்சை விளக்குக்கும் கரண்ட்

கிள்ளான் பக்கம் ஒரு பாசார் மாலாமில் அப்பம் பாலிக்குக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். சோப்புக்கட்டி அளவு. பின்னால் மூன்று கால் பிளக், முன்னால் ஒரு பச்சை விளக்கு. "சுவத்துல சொருகினா போதும் அண்ணே, கரண்ட் பில் பாதியாயிடும்" என்றான் பையன். ஒன்று 39 வெள்ளி, இரண்டு 70. இரண்டாக வாங்கினேன். ஒன்றுக்குப் பாதி போனால் இரண்டுக்கு முழுசும் போய்விடாதா?

அடுத்த மாத பில்லில் மூன்று வெள்ளி கூடியிருந்தது. வீட்டுக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. பில்லை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் குடித்தேன்.

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் ஒரு வயர்மேன் மாமா இருக்கிறார். லைசென்ஸ் எடுத்து நாற்பது வருடம் வேலை பார்த்தவர். பெட்டியை வாங்கி, மூடியைத் திருகிக் கழற்றி, மேசையில் கவிழ்த்தார். ஒரு கபாசிட்டர், இரண்டு ரெசிஸ்டர், அந்தப் பச்சை விளக்கு. அவ்வளவுதான்.

"பெரிய பெரிய மோட்டார் ஓடுற ஃபேக்டரில இது வேணும் தம்பி. அங்க கரண்ட் கொஞ்சம் வேலை செய்யாம சும்மா போய்ட்டு வந்துக்கிட்டு இருக்கும். அதுக்குத் தண்டம் போடுவாங்க. அதைக் கொறைக்கத்தான் கபாசிட்டர். வீட்டு மீட்டர் அந்தச் சும்மா நடையை எண்ணவே எண்ணாது. எண்ணாததை எப்படிக் கொறைப்பே?" என்றவர், விளக்கைத் தட்டிக் காட்டினார். "ஆனா இந்தப் பச்ச வெளக்குக்கு நீ கரண்ட் கட்டணும்."

இப்படி மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்குக் கைகொடுப்பவர் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலைக் கோயிலுக்காக அவரை எல்லாருக்கும் தெரியும். மின்சாரத்துக்காகத் தெரிந்தவர்கள் குறைவு. 1894இல் அவரும் கூட்டாளி லோக் இயூவும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின் ஜெனரேட்டர் வைத்துப் பம்புகளை ஓட்டினார்கள். இந்த நாட்டில் மின்சார வரலாறு தொடங்குவதே அங்கேதான். கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் வந்தது அதற்கு அடுத்த வருடம். ஆக, மலாயாவில் புதுச் சாதனத்தின்மேல் பணத்தைப் போட்ட முதல் வரிசை ஆட்களில் ஒருவர் தமிழர். அது நம் ரத்தத்தில் இருக்கிறது என்று வீட்டுக்காரியிடம் நீட்டி முழக்கினேன். ஊர்ப் பெயரையும் விடவில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் கூரைக் கோலாலம்பூரைத் துடைத்துப்போட்ட பிறகு, அன்றைய புதுச் சரக்கான செங்கல்லுக்குச் சூளை போட்ட இடம்தானே நம் பிரிக்பீல்ட்ஸ்!

அவள் வெங்காயம் உரித்தபடியே கேட்டாள். "அவரு சுரங்கத்துல தண்ணி நின்னுச்சி, எறைக்கணும்னு பம்பு வாங்கினாரு. நீங்க பம்ப வாங்கிட்டு, தண்ணி எங்கன்னு தேடுறீங்க."

நூற்று முப்பது வருடச் சங்கதியை வெங்காயத் தோலோடு கூட்டித் தள்ளிவிட்டாள்.

சரி, உலகச் செய்திக்குப் போவோம் என்று அணுக்கரு இணைவைப் பற்றிச் சொன்னேன். 2022 டிசம்பர் 5, கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடம். மிளகு அளவு எரிபொருள்மேல் 2.05 மெகாஜூல் லேசரைப் பாய்ச்சினார்கள், 3.15 மெகாஜூல் வந்தது. போட்டதற்கு மேல் வந்த முதல் தடவை! செய்தி வந்த அன்றிரவு நான் தூங்கவே இல்லை. மிஞ்சிய 1.1 மெகாஜூலில் மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். மாமாக் கடைக் கணக்கில் பதினைந்து கிளாஸ் தே தாரிக்.

"லேசருக்குக் கரண்ட் எங்கேருந்து எடுத்தாங்க?"

"சுவத்துலேருந்துதான். ஒரு 300 மெகாஜூல்."

"முந்நூறு எடுத்து மூணு வந்துச்சா?" பில் இருந்த பக்கம் பார்த்தாள். "பச்ச வெளக்கு இருக்கா அதுலயும்?"

எனக்கென்னவோ அந்த மூன்றில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. ரவாங்கின் முதல் ஜெனரேட்டரும் இன்றைய கணக்கில் வெறும் பொம்மைதான். ஆனால் இதை வெளியே சொல்லவில்லை.

ஏனென்றால் அதற்குள் சோலார் பேனல் வந்து சேர்ந்திருந்தது. 2016 முதல் இந்த நாட்டில் கூரைமேல் பேனல் போட்டு, மிஞ்சிய மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளத் திட்டங்கள் உண்டு. கூரை வேண்டும், அவ்வளவுதான். என் தலைக்குமேல் இருப்பது கூரையில்லை, பன்னிரண்டாம் மாடிக்காரரின் தரை. அதனால் பால்கனிக்கு என்று 100 வாட்டில் மடக்குப் பேனல் ஒன்று, 380 வெள்ளிக்கு. ஜெர்மனியில் பால்கனிக்குப் பால்கனி இதைத்தான் தொங்கவிடுகிறார்கள். அங்கே 800 வாட் வரை அனுமதி.

கேஎல் சென்ட்ரல் பக்கத்துக் கோபுரங்களும் எதிர் அடுக்குமாடியும் பங்குபோட்டது போக, எங்களுக்கு வெயில் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். வெயில் காய்கிற நாளில் 150 வாட்-மணி தேறும். காசாக்கினால் ஏழு காசு. போட்ட பணம் திரும்பப் பதினைந்து வருடம் சொச்சம். எனக்கு இப்போது 54. எழுபதாவது பிறந்தநாள் வாக்கில் லாபம் கொட்ட ஆரம்பிக்கும்.

போன மாதம் ஒரு நாள் கைப்பேசி சார்ஜ் ஏறவில்லை. வயரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். பால்கனிக்குப் போனால், பேனல் முழுக்க மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. துணி விரித்து, வரிசை பிசகாமல்.

"நல்லாச் சுடுதுங்க இது. தாம்பாளத்துல மூணு நாள் ஆவறது, இதுல ரெண்டே நாள்" என்றாள்.

சுடத்தான் செய்யும். விழுகிற வெயிலில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பேனல் கரண்டாக்குகிறது, மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் போகிறது. விஞ்ஞானிகள் கழித்துக்கட்டிய பங்கை அவள் எடுத்துக்கொண்டாள். என்னுடைய ஒரு பங்கும் அதோடு போயிற்று என்பது வேறு விஷயம்.

வயர்மேன் மாமா வந்து பார்த்தார். டெஸ்ட் பென்னைக் கூட வெளியே எடுக்கவில்லை. அரை டப்பா மோர்மிளகாய் வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது அவளே பேச்செடுத்தாள்.

"ஏங்க, மழை பிடிச்சிக்கிறதுக்குள்ள வடகமும் போட்டுறலாம்னு பாக்கறேன். அந்தப் பேனல் ரெண்டா வாங்கினா கொறைச்சிக் குடுப்பானா?"