டாக்டர் வருவதற்குள்

எங்கள் கோலார் தங்கவயலில், பாலகாட் பக்கத்துச் சுவரில் மறுபடியும் ஒட்டிவிட்டார்கள்: ஆசிரியரே வேண்டாம், 30 நாளில் ஆங்கிலம். பழைய போஸ்டரைக் கூடக் கிழிக்கவில்லை, அதன் மேலேயே. வாங்கத்தான் போகிறோம். முன்பு வாங்கிய கைடுகளில் முதல் பத்துப் பக்கம் கைபட்டுக் கறுத்தும், மிச்சமெல்லாம் அச்சு வாசனை போகாமலும் இருப்பது யாருக்கும் தெரியாததல்ல. ‘ஏ’, ‘ஆன்’, ‘த’ மூன்றையும் எங்கே போடுவதென்று எந்தக் கைடும் ஏன் ஒழுங்காகச் சொல்வதில்லை என்று விளக்குவதாகத்தான் இருந்தேன். ஆனால் எல்லாக் கைடிலும் வரும் அந்த டாக்டர் குறுக்கே வந்துவிட்டார்.

பாஸ்ட் பெர்ஃபெக்ட் பாடம் வந்தால் நோயாளி செத்தே ஆகவேண்டும். டாக்டர் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருப்பார். தலைமுறை தலைமுறையாக இதே சாவு. ஒரு பதிப்பிலாவது அந்த மனிதர் ஆட்டோ பிடித்து ஐந்து நிமிடம் முன்னால் வரக்கூடாதா? வரமாட்டார், வந்தால் ஆள் பிழைப்பார், டென்ஸ் போய்விடும். பயிற்சிப் பகுதி இன்னும் மோசம்: கோடிட்ட இடத்தை விட்டு, பக்கத்திலே ‘டை’ என்று மட்டும் போட்டு, சாகடிக்கும் பொறுப்பை நம்மிடமே தள்ளிவிடுகிறார்கள். சரியாகச் செத்தாரா என்று கடைசிப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். பேசிவ் வாய்ஸில் பாம்பு அடிபடுகிறது, அடித்தவன் ‘பை’க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அடுத்த வரியில் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டிருக்கிறது. இருட்டோடு எழுந்து மாரிக்குப்பத்தில் பெங்களூர் வண்டி பிடிக்கும் ஊருக்கு இதற்குப் பயிற்சி வேறா? ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கணப் புத்தகத்தின் ரென், ‘போ ஜெஸ்ட்’ நாவலில் செத்த சிப்பாய்களைக் கோட்டைச் சுவரில் சாய்த்துவைத்துக் காவல் காக்க விட்டவர். நமது இலக்கண உலகில் இத்தனை பிணம் விழுவதற்கு இதைவிடப் பொருத்தமான குலமுதல்வர் கிடைக்கமாட்டார்.

கைடு மட்டும் வைத்துக்கொண்டு மொழி வராது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மைன்ஸ் வேலைக்கு வந்தவர்கள் எந்தக் கைடைப் புரட்டினார்கள்? சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்த ஊரில், துரையிடம் சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. எதிரே ஒரு ஆள் நின்றான். புரியாவிட்டால் திருப்பிக் கேட்டான். அது பட்லர் இங்கிலீஷ்தானே என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. இருக்கட்டும், அது போய்ச் சேர்ந்தது. கைடுக்காரர் இலக்கணம் பிசகாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ரென் அண்ட் மார்ட்டின் படித்தே கலெக்டர் ஆனவர்கள் இல்லையா என்பது அடுத்த கேள்வி. உண்டு. ஆனால் அவர்களுக்கு வகுப்பில் ஓர் ஆசிரியர் இருந்தார், கையில் பிரம்பும் இருந்தது. தவிர, அந்தப் புத்தகம் முதலில் எழுதப்பட்டதே இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக. வீட்டிலேயே ஆங்கிலம் பேசிய பிள்ளைகள். பேச்சு வந்தவனுக்கு எழுதிய இலக்கணத்தை, பேச ஆளில்லாதவன் கையில் கொடுத்து, இருந்த ஆசிரியரையும் ‘தேவையில்லை’ என்று துரத்திவிட்டால் என்ன மிஞ்சும்? விடைப் பக்கம்தான்.

2001 பிப்ரவரியில் மைன்ஸை மூடினார்கள். இப்போது பெங்களூர் இன்டர்வியூவில் கேட்பது, உன்னைப் பற்றிச் சொல் என்று. அந்தக் கேள்விக்கு எந்த நோயாளியும் உதவமாட்டார். ஆகவே, கைடை வாங்கியே தீருவீர்கள் என்றால் வாங்குங்கள். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் தப்பும் தவறுமாகவாவது ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுங்கள். அவரும் அதே கைடைத்தான் வாங்கியிருப்பார், சிரிக்கமாட்டார்.