அகிதாவா?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சித்தப்பாவுக்கு. ரசம் வரைக்கும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மோருக்குக் காத்திருக்கும் இடைவெளியில் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, ஜப்பான்ல ஒரு ஸ்டேஷன் இருக்காம், தெரியுமா? ஒரே ஒரு பொண்ணு பள்ளிக்கூடம் போறதுக்காக அதை மூடாமலே வச்சிருந்தாங்களாம். நம்ம ஊர்ல நடக்குமா?”

நான் ஜப்பானிலிருந்து திரும்பி அன்றைக்குப் பதினோராவது நாள். போனது அந்த ஸ்டேஷன் இருந்த அதே ஹொக்கைடோவுக்கு. இது அவருக்குத் தெரியாததில்லை. கிளம்பும்போது என் கையில் இருநூறு ரூபாயைத் திணித்து, “வழியில ஏதாவது வாங்கிச் சாப்பிடும்மா” என்று சொன்னவரே அவர்தான். அங்கே என்ன பார்த்தாய் என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டார்.

“தனியாவா போனே? மாப்பிள்ளை வரலையா?”

ஏன் தனியாகப் போனேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சொல்கிறேன். முதலில் அந்த ஸ்டேஷனை முடித்துவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களில் யாராவது அதையே எனக்கு மறுபடி அனுப்புவீர்கள்.

உங்கள் போனில் வந்த கதையில் இருக்கும் பெயர் காமி ஷிரதாகி. அந்தப் பெண் ஏறியது அங்கே இல்லை, இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்த க்யூ ஷிரதாகியில். அவளுக்காக யாரும் எதையும் திறந்து வைத்திருக்கவும் இல்லை. ஏறுவதற்கு ஆளில்லை என்று அந்த வட்டாரத்தில் மூன்று ஸ்டேஷன்களை மூட முடிவெடுத்தார்கள். ஜப்பானில் ரயில் கால அட்டவணையை மாற்றுவது மார்ச்சில், பள்ளிக்கூட வருடம் முடிவதும் மார்ச்சில். இரண்டும் ஒன்றாக வந்தது, கதை பிறந்துவிட்டது. மூடிய நாள் 2016 மார்ச் 26. ஹொக்கைடோவுக்குள் முதல் புல்லட் ரயில் நுழைந்ததும் அதே நாளில்தான். அந்த வருடம் நவம்பரிலேயே ஹொக்கைடோ ரயில் கம்பெனி, தன் பாதைகளில் ஏறக்குறைய பாதியை, 1,237 கிலோமீட்டரை, இனித் தன்னால் தனியாகக் கட்டிக்காக்க முடியாது என்று கையை விரித்தது. இதெல்லாம் யாருக்கும் பார்வர்டாக வராது.

சித்தப்பாவிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இருக்கட்டும்மா, ஆனா நல்ல விஷயம்தானே” என்றார். வாழைப்பழத்தை உரித்தார்.

அந்த இடத்தை நான் கண்ணால் பார்த்திருந்தால் இன்னும் உறுதியாகச் சண்டை போட்டிருக்கலாம். பார்த்திருக்க வேண்டியதுதான், அந்த வழியாகத்தான் ரயிலில் போனேன். சப்போரோவிலிருந்து அபாஷிரி 374 கிலோமீட்டர், எக்ஸ்பிரஸ் வண்டிக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் காமிகாவாவை விட்டால் அடுத்த ஸ்டேஷனான ஷிரதாகி 37 கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு தூரமும் வெறும் காடு. ஷிரதாகி வந்தது, நின்றது, கிளம்பியது. இனி சில நிமிஷத்தில் பழைய ஸ்டேஷன் இருந்த இடம். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன். சும்மா வெளியே பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவரைக் கேட்டால் என்ன?

கேட்டேன். அவர் கையிலிருந்த புத்தகத்தில் அடையாளம் வைத்து மூடினார். கண்ணாடியை மாற்றினார். போனை எடுத்து மொழிபெயர்ப்பானைத் திறந்து என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். அது என்ன மொழிபெயர்த்ததோ, அவர் முகத்தில் என்மேல் ஒரு கவலை தெரிந்தது. இன்னொரு முறை பேசினேன். பிறகு வரைபடத்தைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, மரியாதையாக என் பக்கம் நீட்டினார். நாங்கள் இருக்கும் நீலப் புள்ளி அந்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. மனிதர் எழுந்து நின்று குனிந்து மன்னிப்புக் கேட்டார். எங்காரு ஸ்டேஷனில் அந்த வண்டி வந்த திசையிலேயே திரும்பும். எல்லோரும் எழுந்து ஆளுக்கு ஆள் சீட்டைச் சுழற்றி வைத்துக்கொள்வார்கள். வெட்கத்தில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அது இரட்டைச் சீட்டு, நான் எழுந்தால்தான் அவர் சீட்டும் திரும்பும் என்பது எனக்கு உறைக்கும்வரை அவர் கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார்.

இந்தக் கேட்கும் வியாதி எனக்கு மட்டும் என்றால் எழுதவே மாட்டேன். நீங்களும் அப்படித்தான். டிக்கெட்டில் ஊர் பெயர் இருக்கும். பலகையில் இருக்கும். பெட்டியின் மேல் மூன்று மொழியில் எழுதியிருக்கும். ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருப்பார். இவ்வளவையும் பார்த்துவிட்டு, கேட்டுவிட்டு, வாசலில் நிற்கும் ஆளிடம் “இது மதுரை போகுமா?” என்போம். அவர் போகும் என்பார். அவர் முகத்தில் ஏதோ குறை. டீ விற்பவரைக் கேட்போம். அவர் திரும்பாமலே தலையை ஆட்டுவார். அந்த ஆட்டல் ஆமாம் என்றா, டீ வேண்டாமா என்றா? உள்ளே ஏறி, ஜன்னலோரம் முறுக்கு தின்னும் அம்மாவைக் கேட்போம். “மதுரைதான்னு ஏறியிருக்கேன்” என்பார். இது பதில் இல்லை, அவரும் யாரையோ கேட்டுத்தான் ஏறியிருக்கிறார். மூன்று பேர் ஒன்றே சொன்னால் நம்பலாம். இரண்டுக்கு ஒன்று என்றால் நாலாமவரைக் கேட்க வேண்டும். வண்டி நகர்ந்தபின் இன்னொரு முறை கேட்போம். அப்போது தெரிந்து செய்வதற்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

போகிற இடம் நமக்கு முன்னமே தெரியும். கேட்பது சாட்சிக்கு. நாளைக்கு வண்டி நாகர்கோவிலுக்குப் போய் நின்றால், “அந்த நீலச் சட்டைக்காரர்தான் சொன்னார்” என்று காட்ட ஒரு நீலச் சட்டை வேண்டாமா? இதில் ஒரு தேர்ச்சியும் இருக்கிறது. போலீஸ்காரரைக் கேட்கக்கூடாது, அவர் ‘எதுக்குப் போறே’ என்று ஆரம்பிப்பார். காதில் வயர் மாட்டியவரைக் கேட்கக்கூடாது. பெட்டியும் கையுமாக ஓடுபவரைக் கேட்கவே கூடாது, அவர் நம்மைக் கேட்டுவிடுவார். நமக்கும் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் ‘போகும் போகும்’ என்று சொல்லி ஒரு குடும்பத்தையே ஏற்றிவிட்டிருக்கிறேன். அந்த வண்டி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. தனியாகப் போனதற்குக் காரணமும் இதுதான்: எங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், செத்தாலும் யாரையும் கேட்கமாட்டார். நானும் அவரும் ஒரு ஜங்ஷனில் இறங்கினால் என்ன ஆகும் என்பது வேறு கட்டுரை.

டோக்கியோவில் இந்த வியாதிக்குத் தீனி கிடைத்தது. தொப்பி வைத்த ஊழியர்கள் இருந்தார்கள். மூன்று பேரைக் கேட்டேன், மூவரும் ஒன்றையே சொன்னார்கள். நாலாமவர் என்னைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார். வடக்கே போகப் போகத்தான் கேட்பதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஹொக்கைடோவிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாகத் திரும்பினேன். 1988-இல் திறந்தது, கிட்டத்தட்ட 54 கிலோமீட்டர் நீளம், அதில் 23 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். மீன் தெரிந்ததா என்று வளைகாப்பில் ஏழு பேர் கேட்டார்கள். தெரியவில்லை. என் முகம்தான் கண்ணாடியில் தெரிந்தது.

சுரங்கம் தாண்டி அவோமோரி. அங்கிருந்து ஜப்பான் கடலோரமாகத் தெற்கே கோனோ லைன், 147 கிலோமீட்டர். அலை தண்டவாளத்தின் காலடிவரை வரும் என்றார்கள், வந்தது. ஃபுகாவுராவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை கடலோரச் சாலையில் நடந்துபோய் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ரயில் பிடித்து அகிதா போவதாகத் திட்டம். மலைப்பக்கமெல்லாம் பீச் மரக்காடு, அதில் கரடி. கரடி நம் வரவை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் விலகிவிடுமாம், அதற்காகப் பையில் ஒரு மணி கட்டச் சொன்னார்கள். கட்டினேன். ராத்திரியில் வரும் சோன்பப்டி வண்டி போல டிங் டிங் என்று இரண்டு மணி நேரம் நடந்தேன். ஒரு ஜீவன் எட்டிப் பார்க்கவில்லை. வழிகேட்க ஆள் இல்லாத எரிச்சலில், கரடி வந்தாலும் பரவாயில்லை, ஸ்டேஷன் எங்கே என்று கேட்டுக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் வந்தது. பெயர் வேண்டாம், அங்கே என்னை இன்னும் நினைவு வைத்திருக்கக்கூடும். ஒரு மரக் கொட்டகை, ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் யாரோ கையால் தைத்த மெத்தைகள், வருகிறவர்கள் எழுதிப்போக ஒரு நோட்டு, சுவரில் கால அட்டவணை. மணிக்கு ஒரு கட்டம் என்று வரைந்திருந்தார்கள். பெரும்பாலான கட்டங்கள், படிக்காமல் பரீட்சைக்குப் போனவன் விடைத்தாள் மாதிரி வெறுமையாக இருந்தன. ஊழியர் இல்லை. டிக்கெட் ஜன்னல் இல்லை. ஒரே தண்டவாளம், ஒரே பிளாட்பாரம். தெற்கே போகிற வண்டியும் வடக்கே போகிற வண்டியும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும். சொல்லுங்கள், கேட்காமல் எப்படி ஏறுவது? கடலைப் பார்த்து நின்று, வலப்பக்கமிருந்து வந்தால் அகிதா, இடப்பக்கமிருந்து வந்தால் அவோமோரி என்று மனசுக்குள் பத்து முறை சொல்லிப் பார்த்தேன். பதினோராவது முறை வலது எது என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பாட்டி வந்தார். எண்பதுக்குக் குறையாது. கையில் ஒரு மெத்தை உறை. என்னைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், கேட்டார்:

“தோ ஸா?”

சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பாட்டில் எதைத் தொட்டாலும் மீன் வாசனை அடித்து, பன்னிரண்டு நாளாகச் சோற்றுருண்டையில் காலம் தள்ளியவளிடம், கடலோரக் கொட்டகையில் ஒரு கிழவி வந்து தோசையா என்று கேட்கிறாள்! இந்தப் பக்கத்து ட்ஸுகாரு பேச்சில் ‘தோ ஸா’ என்றால் ‘எங்கே போறே’ என்று அர்த்தம் என்பது பிறகு தெரிந்தது. குளிரில் வாயைத் திறக்கச் சோம்பல்பட்டு இப்படிச் சுருக்கிவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்கிறார்கள். ‘எங்கே போறே?’ ‘குளிக்க’ என்பதை ‘தோ ஸா?’ ‘யு ஸா’ என்று முடித்துவிடுவார்களாம். டோக்கியோக்காரர்களுக்கே இந்தப் பேச்சு பிடிபடாது.

தோசை இல்லை என்று புரிந்ததும் என் கேள்விக்கு வந்தேன். எனக்குத் தெரிந்த ஜப்பானியச் சொற்கள் எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டன. வாயில் வந்தது தமிழ்தான். தண்டவாளத்தைக் காட்டி, “அகிதாவா?” என்றேன்.

பாட்டிக்குப் புரிந்தது! ஜப்பானியத்திலும் ‘அகிதா வா?’ என்று இழுத்துக் கேட்டால் ‘அகிதா எப்படி?’ என்பது போல ஒரு பொருள் இருக்கிறதாம். தலையை ஆட்டி, வலப்பக்கம் கையைக் காட்டினார். ஒரு சாட்சி ஆயிற்று. இன்னும் இரண்டு பேர் வேண்டுமே என்று தேடுவதற்குள் உறையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

வண்டி வலப்பக்கமிருந்து, சொன்ன நிமிஷத்தில் வந்தது. ஒன்மேன் வண்டி. ஓட்டுபவர், கதவைப் பார்ப்பவர், காசு வாங்குபவர் எல்லாம் ஒரே ஆள். நான் நேரே முன்கதவுக்கு ஓடி, கண்ணாடி வழியாக அவரிடம், “அகிதாவா?” என்றேன். அவர் வெள்ளைக் கையுறை போட்ட கையைப் பின்பக்கமாக நீட்டினார். பின்கதவில் பொத்தானை அமுக்கி ஏறவேண்டும், முன்கதவு இறங்குவதற்கு. குளிர் தேசத்தில் கதவு தானாகத் திறக்காது. இது எனக்கு எப்படித் தெரியும்? அவர் கை, வந்த வழியே திரும்பிப் போ, இது உன் வண்டி இல்லை என்றது. நல்லவேளை கேட்டோமே என்று இரண்டடி பின்னால் நகர்ந்து, நன்றியோடு குனிந்து கும்பிட்டேன். வழியனுப்ப வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் குனிந்தார். வண்டி போய்விட்டது.

அடுத்தது மூன்று மணி நேரம் கழித்து.

“ஜப்பான்ல ஒரு நிமிஷம் லேட்டானா மன்னிப்பு கேப்பாங்களாமே” என்று இனி யாராவது என்னிடம் சொன்னால் அவர்களுக்கு மொய் எழுத மாட்டேன். வண்டி நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

மூன்று மணி நேரமும் பாட்டியின் மெத்தையில் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். அழகுதான், ஒன்றும் குறை சொல்வதற்கில்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் எந்தக் கடலையும் பார்க்க முடியாது. அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். பக்கம் பக்கமாக ஜப்பானியம், நடுவே ரயில் படங்கள், ஒரு பூனை. கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதினேன்: ‘கடலைப் பார்த்து நிற்கவும். வலப்பக்கமிருந்து வருவதுதான் அகிதா வண்டி. பின்கதவில் ஏறவும். பொத்தானை அமுக்கவும். யாரையும் கேட்க வேண்டாம்.’ எழுதி முடித்ததும் எதற்கும் இருக்கட்டுமென்று என் போன் நம்பரைப் போடப் போனேன். சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா. பிறகு விட்டுவிட்டேன்.

அடுத்த வண்டியும் வலப்பக்கமிருந்துதான் வந்தது. பின்கதவு, பொத்தான், எண் போட்ட சீட்டு, எல்லாம் முறைப்படி. உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது, கடல் வலது ஜன்னலுக்கு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. எதிரே பள்ளிச் சீருடையில் ஒரு பையன், காதில் வயர். கேட்கக்கூடாத ஜாதி. குனிந்து அவன் முழங்காலைத் தட்டினேன்.

“அகிதாவா?”

வயரைக் கழற்றினான். யோசித்தான். “ஹிகாஷி நோஷிரோ,” என்று சொல்லி, அங்கே இறங்கி மாற வேண்டும் என்று இரண்டு விரலால் குதித்துக் காட்டினான். தலையை ஆட்டி நன்றி சொன்னேன். அவன் வயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடும்வரை பொறுத்திருந்து, பின் சீட்டில் இருந்தவர் பக்கம் மெதுவாகத் திரும்பினேன்.