பன்னிருவர் அடியார்

அமெரிக்காவில் கையொப்பதாசர் என்றோர் இனம் உண்டு. ஒஹையோவில் இருப்பார், டெக்சஸில் இருப்பார். புளோரிடாவில் தடுக்கி விழுந்தால் அநேகமாக அவர்மேல்தான் விழ வேண்டும். ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப்பையில் இரண்டு ஷார்ப்பி பேனா: வெளுத்த இடத்துக்கு நீலம், கறுத்த இடத்துக்கு வெள்ளி. கக்கத்தில் வளையாத அட்டை உறை. விண்வெளி வீரர்கள் கையெழுத்துப் போட்ட படங்களைச் சேர்ப்பதற்கென்றே பிறவி எடுத்தவர்.

வைணவர்களுக்கு ஆழ்வார்கள் பன்னிருவர். தாசருக்கும் பன்னிருவர்தான்: 1969 முதல் 1972 வரை நிலவில் கால் வைத்தவர்கள். பன்னிரண்டாவதாக இறங்கியவர் ஷ்மிட். கடைசியாக ஏணி ஏறியவர் செர்னான். இந்த இருவரையும் மாற்றிச் சொல்கிற விருந்தாளிக்கு அவர் வீட்டில் இரண்டாவது காபி கிடையாது.

கூடத்துச் சுவர் முழுக்க எட்டுக்குப் பத்து அங்குலப் படங்கள். வெள்ளை விண்வெளி உடுப்பு, எதிர்காலத்தைப் பார்த்த புன்னகை. நடுநாயகமாக, கண்ணாடி முகமூடியோடு நிலவில் நிற்கும் அந்த உலகப் புகழ்பெற்ற படம். "ஆகா, ஆர்ம்ஸ்ட்ராங்!" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "நிற்பது ஆல்ட்ரின். கேமரா ஆர்ம்ஸ்ட்ராங் கையில் இருந்தது. அவர் முகமூடிக்குள் பிரதிபலிப்பாகத் தெரிகிறார், குனிந்து பாருங்கள்" என்பார். குனிந்தே ஆக வேண்டும். நிலவில் முதலில் நடந்தவருக்கு அங்கே எடுத்த நல்ல படம் அநேகமாக இல்லை என்பதில் அவருக்குத் தீராத வருத்தம். அந்த வருத்தத்தை ஒவ்வொரு விருந்தாளிக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்.

இனி அவருடைய பக்தியின் விசித்திரம். ஓய்வுபெற்ற வீரர்கள் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்திடும் கண்காட்சிகள் அங்கே நடக்கும். நிலவுக்குப் போய்வந்தவர் என்றால் ஒரு கையெழுத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர்கூட ஆகும். கூடவே ஒரு வரி எழுத வேண்டுமானால் பெரும்பாலும் தனிக்கட்டணம். வரிசையில் நெடுநேரம் நின்று, வியர்த்து, தாசர் மேசையை அடைகிறார். கிழவர் நிமிர்ந்து பார்த்து அன்பாகக் கேட்கிறார்:

"யார் பேருக்கு எழுதட்டும்?"

"பேர் வேண்டாம் சார். கையெழுத்து மட்டும் போதும்."

காரணம் எளிது. 'இன்னாருக்கு அன்புடன்' என்று எழுதிய படத்துக்கு விலை குறைவு. பெயரில்லாத படத்துக்கே மவுசு. வாழ்நாளெல்லாம் ஒருவரைக் கும்பிட்டுவிட்டு, அவர் நம் பெயரை உச்சரிக்க வரும்போது வாயைப் பொத்துகிற பக்தர் வேறெங்கும் உண்டா, தெரியவில்லை. ஆனால் கிழவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். கேட்டவர் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் கையெழுத்தே போடுவேன் என்று அடம்பிடித்தவர்கள் உண்டு.

அடுத்த கவலை, கையெழுத்துப் போட்டது கைதானா என்பது. 1960-களிலேயே கடிதங்கள் குவிந்ததால் நாசாவில் ஆட்டோபென் என்னும் இயந்திரம் வேலைக்கு வந்தது. அச்சு ஒன்றைத் தடவிக்கொண்டே போய்ப் பேனாவை நகர்த்தும் யந்திரக்கை அது. ஆகவே தாசர் இரண்டு கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கில் பிடித்துப் பார்ப்பார். அச்சு அசலாகப் பொருந்தினால் முகம் தொங்கிவிடும். கொஞ்சம் கோணல்மாணலாக, அவசரத்தில் கிறுக்கியதாக இருந்தால் ஆனந்தக் கண்ணீர். அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா, தொடக்கத்திலும் முடிவிலும் மைப்புள்ளி நிற்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்கும் அந்த நேரத்தில் வீட்டில் எது எரிந்தாலும் அவருக்குத் தெரியாது.

ஆர்ம்ஸ்ட்ராங் 1994 வாக்கில் கையெழுத்துப் போடுவதையே நிறுத்திவிட்டார். தம் கையெழுத்து சந்தையில் விற்பதும், போலிகள் பெருகியதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு 2005-இல் அவருக்கு முடிவெட்டியவர், வெட்டிய முடியை 3,000 டாலருக்கு ஒரு சேகரிப்பாளரிடம் விற்ற செய்தி வெளியானது. ஆர்ம்ஸ்ட்ராங் வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "முடியையா விற்பது? அநாகரிகம்!" என்று தாசர் கொதிப்பார். கொதிப்பு அடங்கியதும், "அந்த ஆள் இன்னும் அதை வைத்திருக்கிறாரா?" என்று மெதுவாக விசாரிப்பார்.

சாவும் அவர் கணக்கில் வரும். 1967 ஜனவரியில் அப்போலோ 1 ஏவுதளத் தீயில் இறந்த ராஜர் சாஃபி, 31 வயது, ஒருமுறைகூட விண்வெளிக்குப் போனதில்லை. அதைச் சொல்லும்போது தாசருக்கு உண்மையாகவே குரல் கம்மும். அடுத்த மூச்சில், கையெழுத்து அபூர்வம் என்பார்.

ஆளைக் காசாசைக்காரர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. அப்போலோ 11 புறப்படுவதற்கு முன் மூன்று வீரர்களும் தபால் உறைகளில் கையெழுத்திட்டு, நம்பிக்கையான நண்பரிடம் விட்டுப் போனார்கள். புறப்பட்ட நாளிலும் நிலவில் இறங்கிய நாளிலும் அவற்றில் தபால் முத்திரை குத்தப்பட்டது. தாங்கள் திரும்பாவிட்டால் பிள்ளைகள் அவற்றை விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. தங்கள் கையெழுத்துக்கு விலை உண்டு என்பதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் அந்த வீரர்களும் உண்டு. மூவரும் நலமாகத் திரும்பினார்கள். உறைகள் பிற்காலத்தில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்று தாசரிடம் இருந்தால் விலையைச் சொல்லமாட்டார், விற்கவும் மாட்டார். விற்பதற்காகவே பெயர் வேண்டாம் என்று வாங்கிய மனிதர், ஒரு படத்தைக்கூட விற்றதில்லை என்பதுதான் அவரைப் பற்றிய கடைசி ரகசியம். விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்குப் போதும்.

என்றாவது அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், ஆர்ம்ஸ்ட்ராங் பெயரைத் தவறான படத்துக்குச் சூட்டாதீர்கள். பகலிலேயே விளக்கு எரிகிறதே என்று ஜன்னல் திரையையும் விலக்கிவிடாதீர்கள். வெயில் பட்டால் ஷார்ப்பி மை வெளுத்துவிடும்.