அத்தான் கடலுக்கு மேல் இருக்கிறார்

ராத்திரி பத்தரைக்கு அக்காவுக்கு போன் போட்டால், "அவர் கடலுக்கு மேல இருக்கார்டா, காலையில பேசு" என்பாள். ஆள் இருப்பது ஹாலில், லுங்கியோடு, மின்விசிறிக்குக் கீழே, கம்ப்யூட்டர் முன்னால். போய்க்கொண்டிருப்பது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலுலுவுக்கு.

ஃப்ளைட் சிமுலேட்டரில் பறக்கும் வீட்டு விமானிகளில் சில ரகங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். குட்டி விமானத்தில் சொந்த ஊர்க் குளத்தைத் தேடுகிறவர், பாலத்துக்கு அடியில் நுழைந்து பார்க்கிறவர் எல்லாம் அரைமணியில் எழுந்து சாப்பிட வந்துவிடுவார்கள். கடல் தாண்டுகிற ரகம்தான் குடும்பத்துக்கு ஆகாது.

சுமார் 3,850 கிலோமீட்டர். நடுவில் இறங்க ஒரு திட்டு கிடையாது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மேலே நீலம், கீழே நீலம், ஓட்டுவது ஆட்டோபைலட். அத்தானுக்கு வேலையே இல்லை, ஆனால் எழுந்திருக்கவும் மாட்டார். பாத்ரூம் போகும்போது மட்டும் பையனை உட்காரவைத்து, "எதையும் தொடாதே" என்று பொறுப்பை ஒப்படைப்பார்.

நேரத்தை நாலு மடங்கு வேகமாக ஓட்டும் வசதி சிமுலேட்டரிலேயே இருக்கிறது. ஐந்து மணி நேரம் ஒன்றேகால் மணியாகச் சுருங்கிவிடும். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிரசாதத்தை மிதித்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நிஜ பைலட் அப்படிப் பண்ணுவானா?" நிஜ பைலட்டுக்குச் சம்பளம் தருகிறார்களே!

அரைமணிக்கு ஒருதரம் எரிபொருள் கணக்கு. பையனின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் நேரம், இருக்கவேண்டியது, இருப்பது என்று மூன்று பத்தி. இருநூறு கிலோ குறைந்தால் அன்றைக்கு யாரும் அவரிடம் பேச முடியாது.

இதற்கெல்லாம் சிகரம் அந்தப் புள்ளி. ஒரு இன்ஜின் நின்றுபோனால் திரும்புவதா, முன்னே போவதா? இரண்டுக்கும் ஒரே நேரம் பிடிக்கிற இடம் ஒன்று உண்டு. அது பாதையின் நட்டநடுவில் இருக்காது. எதிர்க்காற்று அடித்தால் ஹொனலுலு பக்கமாக நகர்ந்துவிடும். சாம்பார்க் கிண்ணத்தை சான் பிரான்சிஸ்கோவாகவும் சட்னியை ஹவாயாகவும் வைத்து எனக்கே மூன்று முறை விளக்கியிருக்கிறார். நள்ளிரவு தாண்டி அந்தப் புள்ளியைக் கடந்ததும் அக்காவை எழுப்பி அறிவிப்பார்: "இனிமே திரும்பினா லேட். முன்னாடி போறதுதான் சீக்கிரம்."

"எங்க போனாலும் வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று அக்கா திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

ஒருநாள் நானும் கூடவே விழித்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்குச் சற்று முன்பு, அத்தனை நீலத்துக்கும் பிறகு, தொடுவானத்தில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. "மொலோக்கை தீவு" என்றார் மெல்ல. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. போன வருஷம் குடும்பத்தோடு அந்தமான் போனோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேயர், வழியெல்லாம் வங்காள விரிகுடா. நிஜக் கடல், நிஜ விமானம். கூடுதல் காசு கொடுத்து நான் எடுத்திருந்த ஜன்னல் சீட்டை, "எனக்குத்தான்டா அதோட அருமை தெரியும்" என்று வாங்கிக்கொண்டார். சென்னைக் கரை மறைவதற்குள் வாயைத் திறந்து தூங்கிவிட்டார். என் பக்கமாகத் தலை சாய்த்து, கடலையும் மறைத்து, முழு இரண்டு மணி நேரம்.

சக்கரம் தரையில் தட்டியதும் கண்ணைத் திறந்தார்.

"மூக்கைக் கொஞ்சம் முன்னாடியே தூக்கியிருக்கணும்" என்றார்.