மலையேறாத மலைக்கடைக்காரர்

பஞ்சாலைக்காரர், பம்ப்செட்காரர், பேக்கரிக்காரர் என்று எல்லா வகை முதலாளிகளையும் பார்த்துச் சலித்த கோயம்புத்தூரில் இப்போது புது ரகம் ஒன்று முளைத்திருக்கிறது. டென்ட், ஸ்லீப்பிங் பேக், ட்ரெக்கிங் ஷூ, தலையில் மாட்டும் ஹெட்லைட் விற்பவர். வயது முப்பத்தைந்துக்குள். முன்பு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தவர். உத்தராகண்டில் சுமார் 12,500 அடி உயரத்தில் இருக்கும் கேதார்காந்தா உச்சியில் ஒரு சூரியோதயம் பார்த்தார். இறங்கி வந்த கையோடு வேலையை விட்டார். கடைக்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் வைத்திருப்பார். அவருடைய அப்பா மட்டும் கேட்பவர்களிடம், "பையன் பேக் கடை வெச்சிருக்கானுங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்.

எந்நேரமும் மலையில் இருக்கலாம் என்றுதான் கடை திறந்தார். திறந்த நாளோடு அவர் மலையேறிய காலம் மலையேறிப் போனது. சனி, ஞாயிறு வியாபார நாள். மற்ற நாளில் கூரியர்க்காரர் வருவார். பௌர்ணமி என்றைக்கு என்று கேட்டால் காலண்டரைப் பார்ப்பார். 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி ரிட்டர்ன் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. டென்ட் விரித்துக் காட்டச் சொன்னால் முதலில் ஃபேனை நிறுத்துவார். கம்பி இறக்கையில் இடித்த அனுபவம். அடுத்து ஸ்டூலை வெளியே வைப்பார். கடைசியில் வாடிக்கையாளரும் வெளியே போக வேண்டும். டென்ட் கடை முழுக்க நிறைந்திருக்க, பேரம் வாசற்படியில் நடக்கும்.

"மூணு பேர் டென்ட்டுங்களா? எத்தன பேர் படுக்கலாம்?"

"மூணு பேருங்க."

"அட சும்மா சொல்லுங்ணா. நெருக்கிப் படுத்தா அஞ்சு பேர் ஆகுமில்ல?"

இதற்குள் வந்தவர்களுடைய குழந்தை உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். துணி 3,000 மில்லிமீட்டர் தாங்கும், அதாவது மூன்று மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் ஒழுகாது என்று இவர் விளக்குவார். "அப்ப ஒரு சொம்பு ஊத்திப் பாத்துரலாங்களா?" என்பார் குழந்தையின் தாத்தா.

வருஷம் இவரைச் சுற்றிவரும் விதமே தனி. பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி சீசன். ஏழு மலையும் ஏற ஆயிரக்கணக்கில் ஜனம் திரளும். ஷூ ஸ்டாக்கை நிரப்பி வைத்துக் காத்திருப்பார். பக்தர்களில் பாதிப் பேர் வெறுங்காலோடு ஏறுவார்கள். ஊன்றுவதற்கு அலுமினிய ஸ்டிக்கை நீட்டி நீட்டிக் காட்டுவார். பூண்டி அடிவாரத்திலோ மூங்கில் தடி கிடைக்கிறது. ராத்திரியில் ஏறுகிறவர்கள் புண்ணியத்தில் ஹெட்லைட் மட்டும் போணியாகும்.

ஜூன், ஜூலையில் மழை. வால்பாறைக்குப் போகிறவர்கள் வருவார்கள் என்று ரெயின் ஜாக்கெட்டை முன்னால் தொங்கவிடுவார். வருகிறவர்கள் பைக்கில் ஆபீஸ் போக ரெயின்கோட் கேட்பார்கள். ஆடி வந்தால், "தள்ளுபடி போடலீங்களா?" கார்த்திகையில் சபரிமலை, அதுவும் வெறுங்கால். நம் பக்கம் மலையேறுகிறவர்கள் இரண்டே வகை: செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள், காரில் ஏறுகிறவர்கள். நடுவில் ஷூ விற்க உட்கார்ந்திருக்கிறார் நம்மவர்.

2024 அக்டோபரில் அரசாங்கம் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகளை அறிவித்தபோது அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு லட்டு கொடுத்தார். மறுவாரம்தான் உறைத்தது, காலையில் ஏறி அன்றைக்கே இறங்கும் நடைக்கு டென்ட் எதற்கு? அனுமதியில்லாமல் காட்டுக்குள் தங்கினால் வனத்துறை வழக்குப் போடும். எனவே அவர் விற்ற டென்ட்டுகளில் பெரும்பாலானவை மொட்டை மாடிகளில்தான் நிற்கின்றன. அவருக்கும் அது தெரியும். "காத்துக்குக் கல்லு வெச்சுக் கட்டுங்க" என்று சொல்லியே அனுப்புவார்.

மார்கழியில் இமயமலைக் கூட்டம் வரும். கல்லூரிப் பிள்ளைகள். கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, "ப்ரோ, வாடகைக்குக் கிடைக்குமா?" ஜாக்கெட்டை வாடகைக்கு விடுவார். அது திரும்பி வரும்போது ஜிப் பாதியில் மாட்டியிருக்கும், கழுத்தில் மேகி வாசம் அடிக்கும், பாக்கெட்டில் டேராடூன் பஸ் டிக்கெட்டும் பாதி கடித்த கடலைமிட்டாயும் இருக்கும். அந்த டிக்கெட்டை மட்டும் தூக்கிப் போட மாட்டார், கல்லாவுக்குள் வைத்துக்கொள்வார். கணக்குப் பார்த்தால் அவருடைய ஜாக்கெட் ஆறு தடவை இமயமலை பார்த்திருக்கிறது. முதலாளி ஒரே தடவை.

வியாபாரிக்கு ஆகாத ஒரு குணம் இவரிடம் உண்டு: உண்மையைச் சொல்லிவிடுவார். ஊட்டிக்கு இரண்டு நாள் போகிறவர் மைனஸ் பத்து டிகிரி ஸ்லீப்பிங் பேக் கேட்டால், "லாட்ஜ்லயே கம்பளி குடுப்பாங்க, வேண்டாங்க" என்பார். பையில் போட்டிருக்கும் டிகிரி சுகமாகத் தூங்குவதற்கா, விறைக்காமல் தாக்குப்பிடிப்பதற்கா என்று பார்த்து வாங்கச் சொல்வார். புது ஷூவை ரெண்டு வாரம் ஊருக்குள் போட்டு நடந்து பழக்காமல் மலைக்குப் போனால் கொப்புளம் நிச்சயம் என்பார். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, போடாதீர்கள் என்பார். அரை மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, விலைச்சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டு வர்றனுங்க" என்று வாடிக்கையாளர் கிளம்புவார். அந்தப் பொருள் மூன்றாம் நாள் ஆன்லைனில் அவர் வீட்டுக்கு வந்து சேரும். சைஸ் சரியில்லை என்றால் மாற்றுவது எப்படி என்று கேட்கவும் இவரிடம்தான் வருவார்.

இப்படிப்பட்ட கடை உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். போனால் சந்தேகமெல்லாம் தாராளமாகக் கேளுங்கள், சலிக்காமல் சொல்வார். ஆனால் வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று போனில் விலை பார்க்காதீர்கள். கண்ணாடிக் கதவு வழியாக அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு ஹெட்லைட்டாவது வாங்கிக்கொண்டு போங்கள். மலைக்குப் போகாவிட்டால் என்ன, கரண்ட் போனால் உதவும்.